ஜப்பானியத் திரைப்படங்களிற் கடமையும் உள்ளமும்

ஒரு நாட்டு மக்களின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவார்க்கு அந்நாட்டு நாடகங்கள் சிறந்த வாயிலாகும். வரலாற்று நூல்கள் அரசர் செயலை உரைப்பன. நாடகங்களோ குடிமக்கள் எதற்கு அஞ்சினர், எதற்கு ஏங்கினர் என்பதனைக் காட்டுவன. இக்காலத்தில் அப்பணியைத் திரைப்படமும் தொலைக்காட்சி நாடகமும் மேற்கொண்டிருக்கின்றன. ஜப்பானியர் படங்களைக் கேள்வியளவில் அறிந்தோர், அவை வாட்போரும் பூதவிலங்கும் நிறைந்த வேடிக்கைக் காட்சிகள் என்று எண்ணுவதுண்டு. வகைகள் பலவாயினும், அவற்றுட் புகழ்பெற்ற சில ஒரே வினாவைச் சுற்றி அமைந்திருத்தலை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வினாவை விளங்கிக்கொள்ள இரண்டு ஜப்பானியச் சொற்களை முதற்கண் அறிதல் வேண்டும். ஒன்று 'கிரி'; மற்றொன்று 'நிஞ்ஜோ'. தலைவனுக்கும் பெற்றோருக்கும் நன்றி செய்தாருக்கும் ஒருவன் செலுத்தவேண்டிய கடமை கிரியாகும். மனித உள்ளத்தில் இயல்பாகச் சுரக்கும் அன்பும் இரக்கமும் ஆசையும் நிஞ்ஜோவாகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்க்குமிடத்து மனிதன் என் செய்வான்? 1653 முதல் 1725 வரை வாழ்ந்த சிக்காமட்சு என்னும் நாடகாசிரியர், தம் பொம்மலாட்ட நாடகங்கள் பலவற்றை இம்முரண்பாட்டின்மீதே அமைத்தார். அம்மரபின் செல்வத்தைப் பிற்காலத்துத் திரைப்படமும் பெற்றுக்கொண்டது.

ஜப்பானியர் தம் படங்களை இருபெரும் பிரிவாக வகுப்பர். 1868-ஆம் ஆண்டின் மெய்ஜி ஆட்சி மாற்றத்திற்கு முற்பட்ட காலத்துக் கதைகள் 'ஜிதாய்கெகி'. அதற்குப் பிற்பட்ட வாழ்வைக் கூறுவன 'கெண்டாய்கெகி'. சாமுராய் என்னும் வாள்வீரர் முன்னதற்கு உரியவர். 1945-இல் நாடு போரில் தோல்வியுற்றபின், அதனை ஆண்ட நேசநாட்டு அதிகாரிகள் பழிவாங்குதலையும் தலைவன்பாற் கொண்ட குருட்டுப் பற்றையும் புகழும் படங்களைத் தடுத்தனர். 1952-இல் அவ்வாட்சி நீங்கவே, வாட்படங்கள் மீண்டும் பெருகின. ஆயினும் சிறந்த இயக்குநர்கள் பழைய வீரத்தை அவ்வாறே போற்றினாரல்லர். அதனை உரைகல்லில் இட்டுத் தேய்த்துப் பார்த்தனர்.

அகிரா குரோசாவா 1954-இல் அளித்த 'ஏழு சாமுராய்' இதற்குச் சான்று. தலைவனை இழந்த வீரர் எழுவர், கொள்ளையர்க்கு அஞ்சிய ஏழை உழவர்க்குக் காவலாகின்றனர். அவர் பெறும் கூலி அரிசிச் சோறு ஒன்றே. அதனை அவர்க்கு அளித்துவிட்டு உழவர் தாம் தாழ்ந்த தவசத்தை உண்கின்றனர். போர் முடிவில் எழுவருள் நால்வர் மாய்ந்துபோக, வென்றவர் உழவரே, நாமல்லேம் என்று வீரர் தலைவர் உணர்கின்றார். 1962-இல் மசாக்கி கோபயாஷி இயக்கிய 'ஹராகிரி' இன்னும் கடுமையானது. நோயுற்ற மனைவிக்கும் மகவுக்கும் பொருள்வேண்டி வந்த இளைஞன் ஒருவன், வீரநெறியின் பெயரால் மூங்கில் வாளாற் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளுமாறு வற்புறுத்தப்படுகின்றான். இரக்கத்தை இழந்த கடமை வெறுங்கூடே என்பதனை அப்படம் அஞ்சாது கூறுகின்றது.

இனி, வாளும் குருதியும் இல்லாத இல்லறப் படங்களைக் காண்போம். யசுஜிரோ ஓசு 1953-இல் இயக்கிய 'டோக்கியோக் கதை' இவ்வகையில் தலைமை சான்றது. ஒனோமிச்சி என்னும் ஊரினின்றும் முதியோர் இருவர் தம் மக்களைக் காண டோக்கியோ நகருக்கு வருகின்றனர். மூத்த மகன் மருத்துவர். மகள் சிகையலங்காரக் கடை நடத்துபவள். இருவர்க்கும் ஓய்வில்லை. பெற்றோரை அட்டாமி என்னும் வெந்நீரூற்று நகருக்கு அனுப்பித் தம் கடமை தீர்ந்ததென எண்ணுகின்றனர். போரில் மாய்ந்த மற்றொரு மகனின் மனைவி நொரிக்கோ ஒருத்தியே அலுவலக விடுப்புப் பெற்று அவர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகின்றாள். ஊர் திரும்பிய தாய் விரைவில் இறந்துபடுகின்றாள்.

இக்கதையில் தீயவர் எவருமிலர். பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திற்குத் தாழ வைத்த படக்கருவி, அவ்வீட்டாருள் ஒருவராக நம்மையும் அமர்த்துகின்றது. மாமனார் தன்னைப் புகழ்ந்தபோது நொரிக்கோ, தான் அத்துணை நல்லவளல்லள் என்றும், கணவனை நினையாத நாட்களும் உண்டு என்றும் கூறிக் கண்ணீர் விடுகின்றாள். கடமையைக் குறைவறச் செய்தவளும் தன் நெஞ்சோடு போராடினாள் என்பதனை அறியுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

பூதவிலங்குப் படங்களும் இவ்வினாவுக்குப் புறம்பானவையல்ல. 1954 மார்ச் 1-ஆம் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கர் வெடித்துச் சோதித்த நீரகக் குண்டின் நச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றின்மேல் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'காட்சில்லா' வெளிவந்தது. அக்கொடிய விலங்கை அழிக்கவல்ல கருவி செரிசாவா என்னும் அறிஞரிடம் உளது. அதனைப் பயன்படுத்தினால் நகர் பிழைக்கும்; ஆனால், பின்னர் அதுவே உலகை அழிக்கும் படைக்கலமாகலாம். ஆதலின் அவர் தம் குறிப்புக்களை எரித்துவிட்டு, கடலடியிற் சென்று கருவியை இயக்கித் தம் உயிரையும் விடுகின்றார். அறிவுடையோன் கடமை யாது என்பதே அவ்வேடிக்கைப் படத்தின் உட்பொருள்.

தொலைக்காட்சி 1953-இல் அந்நாட்டில் தோன்றியது. என்.எச்.கே. நிறுவனம் 1961 முதற் காலை நாடகங்களையும், 1963 முதல் ஓராண்டு தொடரும் பெருவரலாற்று நாடகங்களையும் நடத்தி வருகின்றது. காலை நாடகங்களுள் 1983-84-இல் வந்த 'ஓஷின்' நிகரற்ற புகழ் எய்தியது. சுகாக்கோ ஹாஷிதா என்னும் அம்மையார் எழுதிய இந்நாடகம் பதினைந்து நிமிடப் பகுதிகள் 297 கொண்டது. ஏழு வயதில், அரிசி மூட்டைக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமியின் நெடுவாழ்வே கதை. இலங்கை உட்படப் பல நாடுகளில் அது காட்டப்பெற்றது. வறுமையும் உழைப்பும் எந்நாட்டார்க்கும் விளங்கும் மொழியன்றோ!

வாள்வீரன், மருமகள், அறிஞர், வேலைக்காரச் சிறுமி ஆகிய இவர்களின் உடையும் காலமும் வேறு. உள்ளத்துப் போர் ஒன்றே. கடமையே பெரிதென்றோ உள்ளமே பெரிதென்றோ இப்படங்கள் முடிவு கூறுவதில்லை. ஒன்றைப் பேண மற்றொன்றுக்கு நாம் கொடுக்கும் விலையை மட்டும் மறைக்காது காட்டுகின்றன. பெற்றோரை ஊரில் விட்டு நகரிற் பயிலும் மாணவரும், பணியின் பொருட்டு அயலூரில் வாழும் பழைய மாணவரும் 'டோக்கியோக் கதை'யை ஒருமுறை காண்பாராயின், அயல்நாட்டுக் கதையைக் கண்டோம் என்று எண்ணார். தம் வீட்டிற்கு மடல் எழுதவே விரைவர்.