டைல்ஸ் தரையும் இடுக்கு அழுக்கும்

ரயில்வேயில் கட்டடப் பிரிவுப் பொறியாளனாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு, ஸ்ரீவராகத்து வீட்டில் ஓய்வாக உட்கார்ந்த மறு மாதமே எனக்கு ஒரு புதிய பதவி கிடைத்தது. குளியலறைத் தரை என் பொறுப்பு என்று என் மனைவி உத்தரவு போட்டுவிட்டார். சின்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி, வாசகர்கள் அதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கோயில் குளத்துக்கு அருகில் வசிக்கும் எங்கள் வீட்டில் தரை காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை. டைல்ஸ் பளிச்சென்று இருக்கும். இடையில் உள்ள கோடுகள் மட்டும் கறுத்துக்கொண்டே போகும். ஏன் இப்படி?

டைல்ஸ் என்பது ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்ட களிமண். அதன் மேல் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இருக்கிறது. அழுக்கு அதன்மேல் உட்காருமே தவிர உள்ளே இறங்காது. இடுக்கில் நிரப்பியிருப்பதோ சிமெண்ட். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது நீரை இழுக்கும். நீரோடு அழுக்கும் உள்ளே போகும். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைக்கிறோமே, அந்தக் கலங்கல் நீரைக் கடைசியில் குடிப்பது இந்த இடுக்குகள்தான்.

கோடு கறுத்ததும் நம்மில் பலர் வாங்கி வருவது ஆசிட். ஊற்றியவுடன் நுரைக்கும், கோடு வெளுக்கும். அழுக்கு போய்விட்டது என்று மகிழ்வோம். உண்மையில் போனது அழுக்கு மட்டுமல்ல, சிமெண்டும்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து நீரோடு கொண்டுபோகிறது. மேல்தோல் கரைந்து உள்தோல் தெரிவதால் வெளுப்பாகத் தோன்றுகிறது. அடுத்த முறை இடுக்கு இன்னும் பள்ளமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். முன்னைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும். நாளடைவில் தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் புகும். மாடிக் குளியலறையானால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்.

1904-ல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை பாதையில், கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட கட்டுமானங்களைச் சோதிக்கப் போனால் கல்லைப் பார்ப்பதற்கு முன் கற்களுக்கு இடையிலுள்ள சாந்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். சாந்து உதிர்ந்தால் நீர் புகும். நீர் புகுந்தால் கட்டுமானம் தளரும். பாலத்துக்குத் தெரிந்த இந்தப் பாடம் குளியலறைக்கும் பொருந்தும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்கு முந்திய வாரம். முதல்நாள் இரவு இடுக்குகளில் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் அதைக் கழுவ மறந்து, வேலைக்கு வரும் அம்மாவிடம் ஆசிட் பாட்டிலைக் கொடுத்து, தரையைத் தேய்த்துவிடச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சாரே" என்று ஒரு குரல். பிறகு இருமல் மட்டும்தான். ஓடிப்போய் அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது; மூச்சு இழுத்தது. மருத்துவமனையில் அன்று முழுவதும் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தார். பிழை என்னுடையது.

பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை போர்முனையில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படியும். நின்றுகொண்டு மேற்பார்வை பார்ப்பவரை விட, குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கே அது முதலில் எட்டும். கழிவறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றிலும் அமிலம் இருக்கிறது; அவற்றையும் பிளீச்சோடு சேர்க்கலாகாது. அம்மோனியா கலந்த திரவமும் பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு தரும். யாராவது இவ்வாயுவைச் சுவாசித்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருமல் அடங்கிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. நுரையீரலில் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம்.

பின் எப்படித்தான் சுத்தம் செய்வது? கறையின் நிறத்தைப் பாருங்கள்.

சாம்பல் நிற அழுக்குக்கு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம். தேய்த்த நீரை அங்கேயே காயவிடாமல் வழித்துவிட்டு, புதுத் தண்ணீரால் கழுவுங்கள்.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இடுக்கில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும்.

பழுப்பு நிறம் கிணற்று நீரின் இரும்புக் கறை. இதற்கு பிளீச் பயன்படாது. நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் இலும்பன் புளியில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. துருவை அது கரைக்கும். முதலில் இடுக்கை வெறும் நீரால் நனைத்து, துளைகள் நிரம்பிய பின் காயை அரிந்து தேய்த்து, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். இதுவும் அமிலம்தான், பிளீச் போட்ட அன்று இது வேண்டாம். பழைய வீடுகளின் மொசைக், பளிங்கு, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றின்மேல் எந்த அமிலமும் படலாகாது.

இடுக்கு ஏற்கெனவே பள்ளமாகிவிட்டால் தேய்த்துப் பயனில்லை. பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே வழி. எப்பாக்ஸி வகை நீரை உறிஞ்சாது. செலவு சற்று அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து ஒன்று உண்டு. குளித்து முடித்ததும் வைப்பரால் நீரைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துவையுங்கள். காய்ந்த இடுக்கில் பூஞ்சணம் வளராது.

அந்த அம்மா இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஆசிட் பாட்டில் மட்டும் வருவதில்லை. எங்கள் குளியலறைக் கோடுகள் புதுவீட்டுக் கோடுகள்போல் வெளுப்பாக இல்லை. சற்றுச் சாம்பலாகவே இருக்கின்றன. இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலை எதனோடு சேர்க்கக் கூடாது என்பதை, அதைக் கையில் எடுப்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் இன்றே சொல்லிவையுங்கள்.