அழுத்தமும் நரம்பும்

திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களின் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களைச் சென்னை சங்கர நேத்ராலயாவின் வைத்தியர்கள் பரிசோதித்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பார்வை நரம்பைக் கெடுக்கும் கண்நோயாகிய கிளாக்கோமாவின் சாதாரண வகையான திறந்த கோண நோய் உடையவர்களாகக் காணப்பட்டவர்களுள் ஏறக்குறைய 100க்கு 98 பேர், தமக்கு அப்படியொரு வியாதி உண்டென்பதை அன்றுவரை அறியாதவர்களாகவே இருந்தார்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வலி கிடையாது, கண் சிவப்பதும் கிடையாது. பார்வையில் கருந்திரை விழும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அதுவும் விழுவதில்லை. ஒரு கண் இழந்த பகுதியை மறு கண் ஈடுசெய்துவிட, அதற்கும் எட்டாத இடைவெளியைச் சுற்றியுள்ள காட்சியைக் கொண்டே மூளை இட்டு நிரப்பிவிடுவதால், படியில் கால் இடறினாலும், பக்கவாட்டில் வந்த சைக்கிள் மோதினாலும், மனிதன் தன் கவனக்குறைவை நொந்துகொள்கிறானேயன்றிக் கண்ணைச் சந்தேகிப்பதில்லை.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடுவதே இந்நோயின் முழுக் காரணம் என்ற பழைய அபிப்பிராயமும் இன்று தளர்ந்துவிட்டது. அக்கிராமங்களின் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டவர்களின் அழுத்தம் சாதாரண அளவுக்குள்ளேயே இருந்தது. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடும் பரிசோதனை போதாது. சொட்டு மருந்தால் கண்மணியை விரியச் செய்து, சுமார் 10 லட்சம் இழைகள் ஒன்றுகூடிப் பார்வை நரம்பாகப் புறப்படும் அந்தச் சிறு வட்டத்தையும், அதன் நடுக்குழி எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதையும் வைத்தியர் உற்று நோக்கவேண்டும். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க நாற்பதில் கடைக்குப் போகிறவர் எண் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். நரம்பைப் பார்ப்பார் எவருமில்லை.

என்றாலும், நரம்பைக் காக்க நிச்சயமாக நிரூபிக்கப்பட்டிருக்கும் வழி, இன்றளவும், அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே. பிரிட்டனில் புதிதாக நோயோ மிகையான கண் அழுத்தமோ கண்டறியப்பட்ட 718 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குச் சொட்டு மருந்தும் மற்றவர்க்கு லேசர் ஒளியும் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2019-இல் வெளிவந்தது. லேசர் பெற்றவர்களில் 100க்கு 74 பேர் மூன்றாண்டு கழித்தும் சொட்டு மருந்தே வேண்டாமல் அழுத்தம் கட்டுப்பட்டிருந்தார்கள். நடுங்கும் கையால், பாதிச் சொட்டு கன்னத்தில் வழிய, ஆயுள் முழுதும் தினந்தோறும் மருந்து விட்டுக்கொள்ளும் முதியவர்களின் சிரமத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நரம்பையே நேராகப் பலப்படுத்தும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடத்தார், வயது ஏற ஏறக் கிளாக்கோமா தோன்றும் சுண்டெலிகளுக்கு வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடைக் கொடுத்ததில், பெரும்பாலானவற்றின் நரம்பு கெடாமல் நின்றதாக 2017-இல் அறிவித்தார்கள். ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் மனிதர்களிடம் நீண்டகாலப் பரீட்சைகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. இச்செய்தியைக் கேட்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும்: பரீட்சைகளில் கொடுக்கப்படும் அளவு அன்றாடத் தேவையைப் போல் பன்மடங்கு; வைத்தியரின் மேற்பார்வையின்றி அவ்வளவை விழுங்கினால் கல்லீரலுக்குக் கேடு நேரக்கூடும்.