மத்திய அலை வானொலிக்கான வளைய அலைவாங்கி

வளைய அலைவாங்கி என்பது செம்புக் கம்பியை ஒரு சட்டத்தின் மேல் பல சுற்றுகளாகச் சுற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே ஒரு மாறு மின்தேக்கியை இணைத்து அமைக்கப்படும் ஏரியல் ஆகும். லூப் ஆன்டெனா என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. மத்திய அலையில் (531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை) ஒலிபரப்பாகும் ஏ.எம். நிலையங்களைத் தெளிவாகக் கேட்க இது உதவுகிறது. வானொலிப் பெட்டியைத் திறக்கவோ, அதில் எதையும் பற்றவைக்கவோ தேவையில்லை. மின்சாரமும் வேண்டாம். பள்ளி மாணவர் ஒருவர் இரண்டு நாள் மாலையில் செய்து முடித்துவிடலாம்.

கையடக்க ரேடியோக்களில் உள்ள இழுத்து நீட்டும் கம்பியை உயர்த்தினால் ஏ.எம். நிலையங்கள் நன்றாகக் கேட்கும் என்று பலர் நம்புகின்றனர். அந்தக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையை வாங்குவது பெட்டிக்குள் படுக்கையாக இருக்கும் விரல் நீளக் கறுப்புத் தண்டு. அது ஃபெரைட் என்னும் காந்தப் பொருளால் ஆனது. அதன் மேல் சுற்றப்பட்ட கம்பிச் சுருளும் ஒரு வளைய அலைவாங்கியே. ஆகவே வீட்டில் கட்டும் பெரிய வளையம், உள்ளே இருக்கும் சிறிய வளையத்துக்குத் துணையாக அமைகிறது.

செயல்படும் விதம்

வானொலி அலையின் காந்தப்புலம் வளையத்தின் ஊடாகச் செல்லும்போது, ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிப்படி அதில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. ஹென்றிச் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளைக் கண்டறிந்ததும் தீப்பொறி இடைவெளி கொண்ட ஒரு கம்பி வளையத்தின் துணையால்தான்.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். அதன் முன் ஒரு மீட்டர்ச் சட்டம் மிகச் சிறியது. எனவே தூண்டப்படும் மின்னழுத்தமும் மிகக் குறைவு. இந்தக் குறையை ஈடுசெய்வது ஒத்ததிர்வு. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று, நிலையத்தின் அதிர்வெண்ணுக்கு இசைவாகத் திருப்பப்படும்போது மின்னழுத்தம் சுற்றின் தரக் காரணி அளவுக்குப் பெருகுகிறது. தரக் காரணி 100 எனில் பெருக்கமும் 100 மடங்கு. இதற்கு ஒரு விலையும் உண்டு. தரக் காரணி உயர உயர, சுற்று ஏற்கும் அலைவரிசை குறுகும். 540 கிலோஹெர்ட்ஸில் தரக் காரணி 200 என்றால் அகலம் 2.7 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும்.

சட்டமும் சுற்றுகளும்

தூண்டப்படும் மின்னழுத்தம் சுற்றுகளின் எண்ணிக்கையையும் சட்டத்தின் பரப்பையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. 365 பிக்கோஃபாரட் மாறு மின்தேக்கியைக் கொண்டு மத்திய அலை முழுவதையும் எட்டுவதற்குச் சுருளின் தன் மின்தூண்டல் எண் 230 முதல் 250 மைக்ரோஹென்றி வரை இருக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு 14 சுற்றுகளும், ஒரு மீட்டர் சதுரத்துக்கு 9 சுற்றுகளும் தேவைப்படும். முதலாவதற்குக் கம்பி சுமார் 34 மீட்டர்; இரண்டாவதற்கு 36 மீட்டர். கம்பிச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பரப்பையும் சுற்றையும் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 5.04, இரண்டாவது 9. அதாவது பெரிய சட்டம் ஏறத்தாழ 1.8 மடங்கு மின்னழுத்தம் தருகிறது. இடம் இருப்பவர்கள் சுற்றைக் கூட்டுவதைவிடச் சட்டத்தைப் பெரிதாக்குவதே நல்லது. ஆனாலும் ஒரு மீட்டர்ச் சட்டம் வீட்டில் நடமாட்டத்துக்கு இடைஞ்சல். முதல்முறை செய்பவருக்கு 60 சென்டிமீட்டரே போதும்.

60 சென்டிமீட்டர்ச் சதுரத்துக்கு, 85 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மரச் சட்டங்களை நடுவில் வெட்டிக் குறுக்காகப் பொருத்த வேண்டும். நான்கு முனைகளிலும் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகைத் துண்டுகளை வைத்து, அவற்றில் 6 மில்லிமீட்டர்க்கு ஒன்றாகக் காடி வெட்டிக்கொள்ளலாம். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈர மரம் அலையின் ஆற்றலை விழுங்கும். இரும்பு, அலுமினியம் போன்றவற்றால் சட்டம் செய்யக் கூடாது. அது தானே ஒரு மூடிய சுற்றாகி, வளையத்தின் வேலையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையுள்ள சாதாரணச் செம்பு வயர் போதும்.

கம்பிகளை நெருக்கமாகச் சுற்றுவது பலரும் செய்யும் பிழை. அடுத்தடுத்த சுற்றுகளே ஒரு மின்தேக்கியாகி, மின்தேக்குத்திறனைக் கூட்டிவிடுகின்றன. 531-இலிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை செல்ல மொத்த மின்தேக்குத்திறன் ஒன்பதில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும். இந்த 14 சுற்றுச் சட்டத்தில் அது 39 பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்க வேண்டும். நெருங்கிச் சுற்றிய சுருளில் இது நடக்காது. 1400-க்கு மேல் உள்ள நிலையங்கள் கைக்கு எட்டாமல் போகும்.

மாறு மின்தேக்கியைப் பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சரிலிருந்து எடுக்கலாம். அதன் ஒரு பகுதியே போதும். டிரான்சிஸ்டர் ரேடியோவின் பி.வி.சி. கேங் மட்டுமே கிடைத்தால், அதன் மதிப்பு குறைவு என்பதால் சுற்றுகளைக் கூட்ட வேண்டியிருக்கும். திருகும் தண்டில் பிளாஸ்டிக் குமிழ் அவசியம். இல்லாவிட்டால் கை அருகில் வந்ததுமே இசைவு மாறிவிடும்.

ரேடியோவுடன் பயன்படுத்துதல்

ரேடியோவில் பலவீனமாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, பெட்டியை வளையத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது வளையத்தின் நடுவே நுழையும் அம்புபோல் இருக்க வேண்டும். இனிக் குமிழை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் ஒலி திடீரென்று எழும். வேறு நிலையத்துக்கு மாறும்போது குமிழையும் திருப்பியாக வேண்டும். உள்ளூர் நிலையம் கரகரத்தால் பெட்டியைச் சற்று விலக்கினால் போதும்.

பீரோ, இரும்புக் கட்டில் ஆகியவற்றின் அருகே வளையம் சரியாக வேலை செய்யாது. காங்கிரீட் வீடுகளில் உள்ள கம்பிக் கட்டு அலையை மறைப்பதால் சன்னலோரமே ஏற்ற இடம். வளையத்தை மின்னோட்டத்தில் இயங்கும் பழைய வால்வு ரேடியோவுடன் கம்பியால் இணைக்கக் கூடாது. சில வால்வுப் பெட்டிகளின் உலோக அடித்தளத்திலேயே மின்சாரம் இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

திசையறியும் தன்மை

வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகுதியாகவும், அதன் முகம் நோக்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும். மதுரையில் இருப்பவர் சென்னையைக் கேட்கச் சட்டத்தின் விளிம்பை வடகிழக்காகத் திருப்ப வேண்டும். உச்சம் வரும் திசை அகலமானது. பத்து இருபது பாகை பிசகினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒலி மறையும் திசையோ மிகக் கூர்மையானது. வளையத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சலில் தொலைதூர நிலையம் மூழ்கும்போது, வலிமையைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். இரைச்சல் வரும் பக்கத்துக்கு வளையத்தின் முகத்தைக் காட்டினால் அது அடங்கி, நிலையம் மேலெழும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் இது பலிக்காது. அப்போது விளக்கை அணைப்பதே வழி.

பகலில் மத்திய அலை தரையை ஒட்டி வருவதால் மறையும் திசை தெளிவாகத் தெரியும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் மேலிருந்து சாய்வாக இறங்குகின்றன. தொலைதூர நிலையங்கள் கேட்கத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் மறையும் திசை நிமிடத்துக்கு நிமிடம் நகரும். எனவே புதிதாகக் கட்டிய வளையத்தை முதலில் பகலில் சோதிக்க வேண்டும். சட்டத்தைச் சற்றே முன்னோ பின்னோ சாய்க்கவும் வசதி இருந்தால், இரவிலும் ஓரளவு இரைச்சலை அடக்கலாம்.