மொட்டைக் கோபுரமும் பாதிப் போர்வையும்

திருச்சிராப்பள்ளியில் நமது இல்லத்து டிரங்குப் பெட்டியில் பாதி தைத்த போர்வை ஒன்று நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. பேரன் பிறக்கப் போகிறான் என்ற மகிழ்ச்சியில் நமது அன்னையார் தம் பழைய சுங்குடிச் சேலைகளை மூன்று மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக இழையோட்டித் தைக்கத் தொடங்கிய போர்வை அது. வங்காளத்தில் இத்தகைய தையலைக் காந்தா என்பார்கள். வேலை பாதியில் நிற்கையிலேயே அன்னையார் காலமானார். அந்தப் பேரனுக்கே இப்பொழுது குழந்தை பிறக்கப் போகிறது. "அம்மாவின் தையலுக்குப் பக்கத்தில் நம்முடைய தையல் நிற்குமா?" என்று தமக்கையார் தயங்கினார். நமக்கும் அதே அச்சந்தான்.

நிற்க. ஒரு நாள் மாலை உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வடதிசை நோக்கினோம். காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் வானளாவி நின்றது. அதன் சரித்திரத்தை நேயர்கள் அறிவார்கள். விஜயநகர வேந்தர் அச்சுத தேவராயர் காலத்துத் திருப்பணி என்பர். அவர் 1542-ல் மறைந்தார். கல்லாலான அடிப்பகுதியோடு வேலை நின்று போயிற்று. 400 ஆண்டுகளுக்கு மேலாக மொட்டைக் கோபுரம் என்பதே அதற்குப் பெயர். அகோபில மடத்தின் 44-ஆவது பட்டம் அழகிய சிங்கர், தள்ளாத வயதில், 1979-ல் அதைக் கட்டி முடிக்க முற்பட்டார். பலர் பொருளுதவி செய்தனர். 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு கோபுரம் நிமிர்ந்தது. 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் நடந்தேறியது.

கீழே பழைய சிற்பியரின் கருங்கல். மேலே நம் காலத்தாரின் செங்கல்லும் சிமெண்டும். 'அவர்களைப் போல் நமக்கு வருமா?' என்று பின்வந்தவர்கள் கை கட்டியிருந்தால், கோபுரம் இன்றைக்கும் மொட்டையாகவே இருந்திருக்கும்!

வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்தோம். அன்னையார் தைத்தது வெள்ளை நூல். மீதியைச் சிவப்பு நூலால் தைப்பதென்று தீர்மானித்தோம். எவ்விடத்தில் அவர் கை நின்றது என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டுமல்லவா? அவருடைய தையல் அரிசி மணி போல் சீராக இருந்தது. நம்முடையதோ எறும்புச் சாரி வழி தவறியது போல் கோணலாக ஓடிற்று. தமக்கையார் இருமுறை பிரித்துத் தைத்தார். மூன்றாம் முறை, "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

கடைசி முடிச்சைப் போட்டபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தமக்கையார் போர்வையை முகத்தருகே கொண்டு சென்று, "பெட்டி வாசனைதான் அடிக்கிறது, வெயிலில் போட வேண்டும்" என்றார்.

மறுநாள் காலை அது நமது மொட்டை மாடியில், கோபுரத்தை நோக்கி, உலர்ந்துகொண்டிருந்தது.