இரண்டு யூரோ காசில் அறுந்த முள்கம்பி



யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது. ஐரோப்பிய வரைபடமும் காசின் மதிப்பும் அதில் இருக்கும். மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். 2 யூரோ காசின் அந்தப் பக்கத்தில், ஏதேனும் ஒரு நிகழ்வின் நினைவாகப் புதிய உருவத்தைப் பொறித்து வெளியிடுவதுண்டு. நினைவுக் காசு என்றாலும் அது ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் செல்லும் காசுதான்.

2008ஆம் ஆண்டு, உலகளாவிய மனித உரிமைகள் அறிக்கையின் 60ஆம் ஆண்டை முன்னிட்டு பெல்ஜியம், பின்லாந்து, இத்தாலி, போர்த்துக்கல் ஆகிய நாடுகள் இவ்வாறு காசு வெளியிட்டன. பின்லாந்து காசில், சுவரில் இதய வடிவில் ஒரு திறப்பு; அதன் வழியே ஒரு மனித உருவம் தெரிகிறது. அழகுதான். ஆனால் நம்மை நின்று பார்க்க வைப்பது இத்தாலியின் காசு.

அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அரசரோ தலைவரோ அல்லர், பெயரில்லாத இருவர். உடன் ஓர் ஒலிவக் கிளை, ஒரு தானியக் கதிர், ஒரு பற்சக்கரம், கொஞ்சம் முள்கம்பி. அமைதி, உணவு, வேலை, விடுதலை ஆகிய உரிமைகளை இவை குறிக்கின்றன. முதல் மூன்றும் மனிதருக்கு வேண்டியவை; முள்கம்பி அறுபட வேண்டியது. அதனால்தானோ என்னவோ, '60' என்ற எண்ணையே அறுந்த முள்கம்பியால் அமைத்திருக்கிறார்கள். 1948 டிசம்பர் 10 அன்று பாரீசில் ஐ.நா. பொது அவை இந்த அறிக்கையை ஏற்றபோது, ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கம்பிவேலி திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் நடுநிலை வகித்தன, எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை.

ஆணோடு பெண்ணும் காசில் இருப்பது பொருத்தமே. அறிக்கையின் முதல் உறுப்பு, ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லோடுதான் முதலில் வரையப்பட்டிருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா அம்மையார் வற்புறுத்தியதால் அது 'மனிதர் அனைவரும்' என்ற பொருளில் திருத்தப்பட்டது.

திருத்தந்தை புனித 23ஆம் யோவான், 1963இல் எழுதிய 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் இந்த அறிக்கையை வரவேற்றார். உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றை உரிமைகள் என்றே அவர் அம்மடலில் குறிப்பிட்டார். பசித்தவருக்குச் சோறிடுவதைத் தர்மக் கணக்கில் எழுதிப் பழகிய நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும்.

இத்தாலியிலும் உறுத்தியது. தெற்கே கலாப்ரியா பகுதியில் ரொசார்னோ என்றொரு சிற்றூர். அங்கே ஆரஞ்சு பறிக்க வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர் பலர், கைவிடப்பட்ட ஆலைக் கட்டடங்களில் தங்கியிருந்தார்கள். நாள் முழுதும் பறித்தால் கூலி ஏறக்குறைய 25 யூரோ. 2010 ஜனவரியில் அவர்களில் சிலர் சுடப்பட, கலவரம் மூண்டது. இரண்டு மூன்று நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வூரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஞாயிறன்று மூவேளை செப உரைக்குப் பின் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் இதைப்பற்றிப் பேசினார். புலம்பெயர்ந்து வந்தவரும் மனிதரே, அவருக்கும் உரிமைகளும் கடமைகளும் உண்டு என்பது அவர் சொன்னதன் சாரம்.

25 யூரோ என்றால் பன்னிரண்டு 2 யூரோ காசுகளும் ஒரு சில்லறையும். கதிரும் பற்சக்கரமும் அறுந்த முள்கம்பியும் பொறித்த அந்தக் காசு, அப்போது இத்தாலியெங்கும் கைமாறிக்கொண்டிருந்தது. ரொசார்னோவின் தோட்டங்களில் கூலி எண்ணிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்?