ரிவால்வர் போட்டி: முதலில் ரீலோடைப் பாருங்கள்

அமெரிக்க வீரர் ஜெர்ரி மிக்குலெக் 1999-இல் ஒரு ரிவால்வரில் ஆறு தோட்டாக்களைச் சுட்டு, மீண்டும் நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார். எல்லாம் சேர்த்து 2.99 விநாடி. விசையை வேகமாக இழுப்பவர்கள் பலர் உண்டு. இந்தச் சாதனையின் கடினமான பகுதி நடுவில் நடந்த ரீலோட்தான்.

அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏ நடத்தும் போட்டிகளில், எடுத்த புள்ளிகளைச் செலவான நேரத்தால் வகுத்தே மதிப்பெண் தருகிறார்கள். 32 தோட்டா தேவைப்படும் ஒரு ஸ்டேஜில் (போட்டிச் சுற்றில்) எல்லாக் குறியும் தப்பாமல் பட்டால்கூட, ஆறு அறை சிலிண்டருக்கு ஐந்து ரீலோட் வேண்டும். எட்டு அறைக்கு மூன்று போதும். அப்படியானால் எல்லோரும் எட்டு அறையே வாங்கலாமே என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு. எட்டு அறைக்கு ‘மைனர்’ என்ற குறைந்த மதிப்பெண் முறைதான் கிடைக்கும். குறியின் நடுப்பகுதியில் பட்டால் எப்படியும் ஐந்து புள்ளி. சற்று விலகினால், வலுவான தோட்டாவால் ‘மேஜர்’ தகுதி பெற்ற ஆறு அறைக்கு நான்கு, எட்டு அறைக்கு மூன்று. குறி தவறாதவருக்கு எட்டு அறை லாபம்.

அடுத்து, தோட்டாக்களை எது சேர்த்துப் பிடிக்கிறது என்று பாருங்கள். மூன் கிளிப் என்பது மெல்லிய உலோகத் தகடு. சிலிண்டருக்குத் தேவையான எல்லாத் தோட்டாக்களையும் பிடித்துக்கொள்ளும். மொத்தமாக உள்ளே போகும், காலி உறைகளோடு மொத்தமாக வெளியே வரும். முதல் உலகப் போரின்போது, விளிம்பில்லாத .45 தோட்டாவை ரிவால்வரில் பயன்படுத்த மூன்று தோட்டா பிடிக்கும் அரை வட்டக் கிளிப்பாக வந்தது இது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் 625 ரிவால்வர் .45 தோட்டாவுக்கான ஆறு அறை கொண்டது; 627, 929 இரண்டும் எட்டு அறை கொண்டவை. மூன்றும் மூன் கிளிப்பில் இயங்குபவை. தோட்டா குட்டையாகவும் முனை உருண்டையாகவும் இருந்தால் அறைக்குள் தடங்காமல் வழுக்கி இறங்கும். அறைகளின் வாயை லேசாகச் சரித்துக் கடைவது இன்னும் உதவும். கிளிப் வளைந்திருந்தால் சிலிண்டர் சுழலாமல் இறுகும். போட்டிக்கு முன் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்கள் மட்டும் போதும். நீங்கள் பழகும் வீட்டு அறையில் நிஜத் தோட்டாவே இருக்கக் கூடாது. வலக்கைக்காரருக்கான ஒரு முறை இது:

1. வலக் கட்டைவிரலால் தாழைத் தள்ளி, இடக்கை விரல்களால் சிலிண்டரைத் திறந்து, துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றுங்கள்.
2. குழல் மேல்நோக்கி இருக்க, வெளித்தள்ளும் தண்டை ஒரே அடியாக அழுத்துங்கள். மெதுவாக அழுத்தினால் காலி உறை சிக்கும்.
3. வலக்கை இடுப்பிலுள்ள கிளிப்பை எடுக்கும்போதே குழலைக் கீழே சாய்த்துவிடுங்கள். கண் குறியில் அல்ல, சிலிண்டரில்.
4. கிளிப்பைச் சிலிண்டருக்குள் விட்டதும் அதைக் கையால் மூடுங்கள். சினிமாவில்போல உதறி மூடினால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளையும்.

முதலில் நேரத்தை மறந்து, நான்கு அசைவும் ஒரே வரிசையில் வரும்வரை பழகுங்கள். பிறகு டைமரில் ஒரு கெடு வையுங்கள். பிசகாமல் முடித்தால் மட்டும் கெடுவைக் குறையுங்கள். கிளிப் தட்டித் தடுமாறினால், வேகத்தைக் கூட்டும் நேரம் இன்னும் வரவில்லை.