ஓட்டமும் கீழ்ப்படிதலும்



பைபிள் காலத்தில் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு இலைக் கிரீடம்தான் பரிசு. வாடிப்போகும் இலைக்கே வீரர்கள் வாயைக் கட்டிப் பயிற்சி செய்கிறார்களே, வாடாத பரிசுக்கு நாம் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கணும் என்ற கருத்தில் பவுல் அந்த ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அப்படி வாழ்ந்தவர் சி.டி. ஸ்டட். ஆஷஸ் என்ற பேரு வரக் காரணமான 1882 ஓவல் டெஸ்டில் இங்கிலாந்துக்காக ஆடியவர். 1885-ல் அந்தப் புகழை விட்டுட்டு ஊழியம் செய்யச் சீனா போனார். 1900 முதல் 1906 வரை நம்ம பக்கத்து ஊட்டியில் போதகராக இருந்தார்.

யாரும் பார்க்காதபோதும் சொன்னதைச் செய்வதுதான் கீழ்ப்படிதல். எனக்கு இது லேட்டாகத்தான் புரிந்தது. தினமும் ஆறு ரவுண்டு ஓடச் சொன்னார் பி.டி. சார். நான் நாலு ஓடிட்டு, "ஆறும் ஓடிட்டேனுங்க சார்" என்பேன். 800 மீட்டர் போட்டியில் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி நின்னுட்டேன். "பரவாயில்ல அம்மிணி, நீ ஒழுங்கா பயிற்சி செஞ்சயல்ல" என்று சார் தண்ணீர் கொடுத்தார். தோற்றதைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். "சரி, இன்னிக்கு ஓடு" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டார். ஆறு ரவுண்டும் ஓடினேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி